முதலில் வந்தவர்

முன்பொரு சமயம் கடலோர ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருந்தது. அங்கே ஒரு லினக்ஸ் கணினி. கணினிக்குள் ஒரு வாசல், வாசலில் ஒரு காவலாளி.

காலையில் கணினி கண் விழித்ததும் மௌஸ், விசைப்பலகை, மைக், பதிவுகளைச் சேமிக்கும் வட்டு என்று உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்து அனுப்புவது அவன் வேலை. ஆள் கைகாரன். நீங்கள் ஒரு கொட்டாவியைத் தொடங்கி முடிப்பதற்குள் நானூறு பேருக்குப் பெயர் வைத்துவிட்டு மீசையையும் முறுக்கிவிட்டிருப்பான்.

வட்டு என்று வருவது ஒரே ஒரு பெரியவர்தான். பதினோரு வருஷக் குரல்களைச் சுமந்துகொண்டு கரகரவென்று மூச்சிரைக்க வருவார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குரல்கூட அதில் உண்டு. அவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது.

“வாங்க பெரியவரே, வட்டுல நீங்கதான் முதலாமவர்” என்பான் காவலாளி.

“என் முதுகுல எனக்குன்னே ஒரு எண் இருக்கு தம்பி. ஒரு தடவை பார்த்து வச்சுக்கயேன்.”

“உங்களுக்குப் போட்டியா யாரு வரப்போறா? போங்க, போங்க.”

வாசலில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேடு மட்டும் அவனை விடாது. “அண்ணே, எண்ணைப் பார்த்துத்தான் வட்டுக்குப் பெயர் வைக்கணும்ங்கிற விதியைப் பாதி எழுதி விட்டுட்டுப் போயிருக்காங்க. இன்னைக்கும் பிழைன்னுதான் எழுதியிருக்கேன்.”

“எழுது, எழுது. உனக்கு வேற என்ன பொழப்பு?”

அந்தப் பிழை வெளியே திரையிலும் ஒரு சிவப்பு வரியாய் ஓடி மறையும். நிலையத்தை நடத்தும் பிலோமினாவிடம் அவளோடு வேலை பார்க்கும் அருளப்பன் ஒருநாள் கேட்டான். “என்னக்கா, தினம் காலையில செவப்பா ஒண்ணு ஓடுது?”

“அது வாங்கினதுல இருந்து அப்படித்தான். வண்டி ஓடுதுல்ல, விடு.”

குரல்கள் பெருகிவிட்டன. இடம் போதாமல் பிலோமினா ஒரு புது வட்டை வாங்கி மாட்டினாள்.

மறுநாள் காலை புதியவன் விருட்டென்று வாசலுக்கு வந்து நின்றான்.

“நீ யாருப்பா?”

“நேத்து மாட்டினாங்கண்ணே. வட்டுல முதல்ல வந்தது நான்தானே?”

வரிசை தவிர வேறெதுவும் பார்த்துப் பழகாத காவலாளி ‘முதலாமவன்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தான். பின்னாலேயே பெரியவர் இரைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னைக்கு நீங்க இரண்டாமவர்.”

“சரி. இதை வெளியில இருக்கிற பொண்ணுக்கு யாரு சொல்லுவா?”

“அது என் வேலை இல்லையே.”

வெளியே பிலோமினா புது வட்டைத் துடைத்துத் தயார்செய்ய உட்கார்ந்தாள். பழசு முதலாவது, புதுசு இரண்டாவது என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, ‘இரண்டாமவரைத் துடை’ என்று தட்டினாள்.

உள்ளே துடைப்பக்காரன் வந்து கேட்டான். “இங்க இரண்டாமவர் யாரு?”

பெரியவர் எழுந்து நின்றார்.

வாசலிலிருந்து பார்த்த காவலாளிக்கு வாய்வரை ஒரு சொல் வந்தது. ஆனால் சீட்டு சரியாக இருந்தது, உத்தரவும் சரியாக இருந்தது. அன்று அந்த உத்தரவில் பிழை என்று எழுத, குறிப்பேட்டுக்கே ஒன்றும் அகப்படவில்லை.

மதிய நிகழ்ச்சிக்குக் குரல் தேடி, ஒன்றுகூட மிச்சமில்லை என்று கண்டபோதுதான் பிலோமினாவுக்கு விஷயம் தெரிந்தது. அருளப்பன் குறிப்பேட்டைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளினான்.

“பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்குக்கா.”

“நான்தானே விடச் சொன்னேன்” என்றாள் அவள், திரையைப் பார்க்காமல்.

பாதியில் நின்ற விதியை அவன் எழுதி முடித்தான். டீ ஆறுவதற்குள் முடிந்துபோகிற வேலை.

அடுத்த நாள் காலை, முழு விதியைக் கையில் பிடித்துக்கொண்டு காவலாளி அந்தக் கரகரச் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றான். சத்தமே இல்லாமல் ஒருவர் எதிரே வந்து நின்றார். புதியவன் இன்னும் வந்திருக்கவில்லை. காவலாளி அவரை மெல்லத் திருப்பி, முதுகிலிருந்த எண்ணை முதல் தடவையாகப் படித்தான். பெரியவரேதான்.

“என்ன பெரியவரே, இன்னைக்கு அவனையே முந்திட்டீங்க?”

“தூக்கிட்டு வர ஒண்ணும் இல்லையே தம்பி.”