சேறு பூசித் தேர்ந்தெடுத்த ஏழு பேர்

வெகு காலத்துக்கு முன்பு தாழையூர் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட வீரகேசரி ராஜா நல்லவர்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து கை தட்டினால் ஐந்தாவதாகத் தானும் தட்டுவார். ஏன் தட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள மாட்டார்.

தாழையூருக்கும் பக்கத்து மல்லிநாட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி. மதகை முதலில் திறக்கும் உரிமை யாருக்கு என்பதை வருஷா வருஷம் சடுகுடு ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். ஜெயித்த நாட்டு வயல்கள் நிரம்பிய பிறகுதான் தோற்ற நாட்டுக்குத் தண்ணீர். போன வருஷம் தாழையூர் தோற்றது. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று கருகிவிட்டது. மந்திரி மருதவாணர் அந்த வயல்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருஷமும் ஆட்டக்காரர்களைக் கடைவீதி மேடையில் நிற்கவைத்தார்கள். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அந்த ஏழு பேர்தான் நாட்டுக்காக ஆடுவார்கள். சேனாதிபதி உதயகிரியின் அக்காள் மகன் அழகேசன் மேடையேறி மீசையை முறுக்கினானோ இல்லையோ, கூட்டம் கூரையைப் பிய்த்தது. அடுத்து அதே உயரத்தில், முகமெல்லாம் அம்மைத் தழும்போடு சாத்தையன் ஏறினான். அவனுக்கு அவன் மாமியார் மட்டும் கை தட்டினாள்.

சபை கூடியதும் மந்திரி மெல்ல ஆரம்பித்தார். "மன்னா, சாத்தையன் ஆடி நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவன் காலைப் பிடித்தால் பிடித்ததுதான்."

உதயகிரி சிரித்தார். "மந்திரியாருக்குப் பொறாமை. நாடே கொண்டாடும் பிள்ளையை விட்டுவிட்டு, மாமியார் கொண்டாடும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "மருதவாணரே, மக்களுக்குப் பிடிக்காதவனை அனுப்பித் தோற்றால் என் தலையை அல்லவா உருட்டுவார்கள்?"

மந்திரிக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாய் இனித்தது. "உண்மைதான் மன்னா. எனக்குக் கவலையே வேறு. நாட்டு ஜனங்களின் கண் மொத்தமும் அழகேசன் மேல்தான் இருக்கிறது. கண்ணேறு பட்டுக் கை கால் முடங்கிவிட்டால்?"

உதயகிரியின் சிரிப்பு அப்படியே நின்றது. திருஷ்டி என்றால் அவருக்கு நடுக்கம். "ஐயையோ! அதற்கு என்ன செய்வது?"

"ஏரி வண்டலை உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்பி ஒரு வெள்ளோட்டம் ஆடட்டும். அழகேசன் மட்டும் பூசினால் அடையாளம் தெரிந்துவிடும். மேடையேறிய எல்லோரும் பூசவேண்டும். தலையில் ஆளுக்கொரு துண்டு."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் உதயகிரி, ராஜா வாய் திறப்பதற்கு முன்பே.

மறுநாள் ஏரிக்கரைத் திடலில் ஊரே கூடியது. களத்தில் சேற்றுப் பொம்மைகள் இரண்டு அணியாக நின்றன. எவன் எவன் என்று பெற்றவளுக்கே தெரியாது. ஆட்டம் சூடு பிடித்ததும் ஒரு பொம்மை, பாடிவந்தவனின் கணுக்காலைப் பிடித்து நடுக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் கவிழ்த்தது. அடுத்து வந்தவனையும் கவிழ்த்தது.

"அழகேசன்டா! வேற எவன் இப்படிப் பிடிப்பான்?" என்று கூட்டம் கத்தியது. ராஜா எழுந்து நின்று தன் சரிகைச் சால்வையை அந்தப் பொம்மையின் தோளில் வீசினார்.

மூலையில் இன்னொரு பொம்மை சும்மா நின்றது. எதிராளி பக்கத்தில் வந்தாலும் எட்டிப் பிடிக்கவில்லை. "யாரது நட்டுவைத்த கல்தூண்?" என்று கூட்டம் கேலி செய்தது. உதயகிரிக்குப் பொறுக்கவில்லை. கரையிலிருந்தே கர்ஜித்தார். "அந்தத் தண்டச்சோற்றைப் பிடித்து வெளியே தள்ளுங்கள்! என் மருமகன் ஆட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கிறான்!"

காவலர்கள் இழுத்துப் போய்க் கரையில் உட்காரவைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ராஜா, நன்றாக ஆடிய இவர்கள்தான் நாட்டுக்காக ஆடுவார்கள் என்று ஏழு பேரைக் கை காட்டினார். கூட்டமும் ஆமோதித்தது. ஏழு பேரும் ஏரித் தண்ணீரில் முங்கி எழுந்தார்கள்.

சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவன் சாத்தையன். மற்ற ஆறு பேரில் ஐந்து பேரின் பெயர் ராஜாவுக்கே தெரியாது.

"அழகேசன் எங்கே?" என்றார் ராஜா.

கரையில் இருந்த கல்தூண் எழுந்து துண்டை அவிழ்த்தது. சேற்றுக்குள்ளிருந்து மீசை எட்டிப் பார்த்தது. "மாமா, என் பேரைச் சொல்லி எங்கேயோ கத்துறாங்க. என்னைப் பார்த்து ஒருத்தரும் கத்தலை. அதுக்கப்புறம் காலே நகரலை மாமா" என்று விம்மினான்.

மந்திரிக்கே அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சேனாதிபதியாரே," என்றார் ராஜா, "உம்முடைய மருமகனை வெளியே தள்ளச் சொன்னது நானா, மந்திரியா?"

"நான்தான் மன்னா."

"இன்று நீர் சொன்னதிலேயே நியாயமான வார்த்தை அதுதான். போட்டி முடியும்வரை இந்த ஏழு பேருக்கும் நீரே விசிறி வீசும்." பிறகு மந்திரியிடம் திரும்பினார். "இந்த ஏழு பேரையும் உமக்கு முன்பே தெரியுமா?"

"சாத்தையனை மட்டும்தான் தெரியும் மன்னா. மேடையில் எல்லோரும் நின்றபோது என் கண்ணும் அழகேசன் மீசைக்குத்தான் போனது. அதனால்தான் சேறு தேவைப்பட்டது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். மல்லிநாட்டோடு நடந்த ஆட்டத்தில் தாழையூர் ஜெயித்தது. மதகு திறந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்று ஜனங்கள் சாத்தையனைத் தூக்கிவைத்து ஆடினார்கள்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மருதவாணரே, கேட்டீரா சத்தத்தை? இனி ஆயுள் முழுக்க நம் அணித் தலைவன் சாத்தையன்தான். இப்போதே முரசறையச் சொல்லும்!"

"அடுத்த வருஷம் ஆடட்டும் மன்னா," என்றார் மந்திரி. "பார்த்துவிட்டுச் சொல்வோம்."