நீர்க்காகத்தின் ஈரச் சிறகு

பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், முள்ளித்தீவு என்றொரு சின்னத் தீவு இருந்தது. ஊருக்கே ஒரு கோயில், அதுவும் கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லால், பவளக்கல்லால், கட்டியது. தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் எங்கும் பாறை. மேற்கே மட்டும் ஒரு வள்ளம் நுழையும் அளவுக்கு வழி. கோயிலின் மேற்கு யன்னலில் எரியும் விளக்கை நேரே பார்த்து வந்தால்தான் வள்ளம் உடையாமல் கரை சேரும். அந்த விளக்குக்கு எண்ணெய் விட, வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் மதலேனாளின் முறை. நல்ல மனுசிதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எதையும் செய்து பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. விளக்குக்கென்று வைத்த இலுப்பெண்ணெயில் மீன் பொரித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தாள். பானையிலிருந்த எண்ணெய் முழுவதையும் சட்டியில் கவிழ்த்துப் பொரித்தாள். கைப்பென்றால் அப்படியொரு கைப்பு. பூனைகூட மோந்துவிட்டுப் போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் மணலில் கொட்டினாள்.

பின்னேரம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் புருஷன் சந்தியோகும் மற்ற ஆண்களும் கடலில். கோயில் விளக்கில் திரி மட்டும் புகைந்தது. வேறு எண்ணெய் வேண்டுமென்றால் அக்கரைக்குத்தான் போகவேண்டும். மதலேனாள் கரைப்பாறையில் இருந்து அழுதாள்.

அங்கே ஒரு நீர்க்காகம் வந்தது. அப்போதெல்லாம் அதன் இறகில் எண்ணெய் வழியும், ஒரு சொட்டு நீர் ஒட்டாது.

"ஏனக்கா அழுறாய்?"

"விளக்குக்கு வைச்ச எண்ணெயைப் பாழாக்கிப்போட்டன். அவர் பாறையில அடிபட்டுச் சாகப்போறார், என்ர விசர் வேலையால."

நீர்க்காகம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. "என்னில கிடக்கு. வழிச்செடு."

"பிறகு நீ நனைஞ்சு போவாயே."

"நனையிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. ஒருக்காப் பாப்பம்."

"உனக்கும் என்ர வருத்தம்தான், எதையும் செய்து பாக்கிற வருத்தம்" என்றாள் மதலேனாள், அழுகையின் நடுவே.

இரண்டு கையாலும் வழித்தாள். ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைந்தது. கோயிலுக்கு ஓடிப்போய் ஊற்ற, விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றாக வள்ளங்கள் பாறை வழியால் வந்தன. கடைசியில் சந்தியோகு இறங்கினான்.

நீர்க்காகம் எப்போதும்போல நீரில் பாய்ந்தது. எழும்ப முடியவில்லை. உடம்பெல்லாம் கனம். தட்டுத்தடுமாறிப் பாறையில் ஏறி, இரண்டு சிறகையும் காற்றுக்கு விரித்து நடுங்கியது. மதலேனாள் அதனருகே ஓடிவந்தாள்.

"இதுக்கு நான் என்ன செய்வன்?"

"செட்டை காயுமட்டும் எனக்கு மீன் பிடிக்கேலாது. நீங்கள்தான் தரவேணும்."

 சந்தியோகு வள்ளத்திலிருந்த பெரிய மீனை எடுத்து அதன் காலடியில் வைத்தான்.

அன்று முதல்தான் நீர்க்காகம் முங்கி எழுந்ததும் சிறகை விரித்துக் காயவைக்கிறது. முள்ளித்தீவில் எந்த வள்ளம் கரை சேர்ந்தாலும், வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருந்தாலும், முதல் மீன் அந்தப் பாறைக்குத்தான் போகிறது.