குவியலில் விழாத கற்கள்

ஒரு காட்டில் இரண்டு வருடங்களாக மழை இல்லை. குட்டைகள் வற்றின. சுனைகளும் வற்றின. ஆற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. அங்கே வாழ்ந்த புள்ளிமான் கூட்டம் அந்த ஆற்றை நம்பித்தான் இருந்தது.

ஆற்றில் இறங்க இரண்டு துறைகள் இருந்தன. மேய்ச்சல் வெளிக்குப் பக்கத்தில் இருந்தது மருதந்துறை. அங்கே நல்ல நிழல். ஆனால் கரையை ஒட்டியே ஆழம். தண்ணீர் கறுப்பாக நிற்கும். இன்னொன்று மணல்துறை. அதற்கு முள்காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே தண்ணீர் முழங்கால்கூட வராது. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரியும்.

ஆற்றில் முதலைகள் இருந்தன. அதனால் மான்களிடம் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பும் மான், ஒரு கூழாங்கல்லைக் கவ்வி வந்து அந்தத் துறையின் மேட்டில் போடும். பிழைத்து வந்ததற்கு அது அடையாளம். அந்தக் கற்களை ஒரு குரங்கு எண்ணி வந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை; தானாக எடுத்துக்கொண்டது. ஒரு கல் பிசகாது. அதில் அதற்குப் பெருமையும் அதிகம்.

கோடை முற்றியது. கூட்டம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரிந்து தண்ணீருக்குப் போவது செந்நாய்களுக்கு வசதியாகிவிட்டது. தலைவன் கவைக்கொம்பன் எல்லாரையும் கூட்டியது.

"இனி எல்லாரும் ஒரே துறையில்தான் குடிக்க வேண்டும். எது நல்ல துறை? குரங்காரே, கணக்கைச் சொல்லும்."

"மருதந்துறையில் நூற்று எண்பது கல். மணல்துறையில் முப்பத்தொன்பது. காலையில்தான் மறுபடி எண்ணினேன்."

"பிறகு என்ன யோசனை? நூற்று எண்பது தடவை பிழைத்து வந்திருக்கிறோம். மருதந்துறைதான்."

கூட்டத்தின் ஓரத்தில் சிறுகாதி என்ற பெண்மான் நின்றது. அதன் மடியை முட்டிக்கொண்டு ஒரு கன்று. அதற்கு இருந்தது அந்த ஒரு கன்றுதான்.

"தலைவரே, ஒன்று கேட்கலாமா?" என்றது சிறுகாதி.

"கேள்."

"திரும்பி வந்தது நூற்று எண்பது தடவை. சரி. போனது எத்தனை தடவை?"

குரங்கு சிரித்தது. "திரும்பாதவர் எப்படி அம்மா கல் போடுவார்? விழாத கல்லை நான் எங்கே போய் எண்ணுவேன்?"

"நீங்கள் எண்ண வேண்டாம். நான் சொல்கிறேன். மடிந்த காதுக்காரர் மருதந்துறைக்குப் போனார், வரவில்லை. அவர் தங்கை வரவில்லை. என் அக்கா வரவில்லை. அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் வரவில்லை..." இப்படி ஒவ்வொருவராகச் சொல்லி இருபது பேரைச் சொன்னது. மான்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டன. "மணல்துறையில் வராதவர் ஒரே ஒருவர்."

சிறுகாதி தொடர்ந்தது:

"இங்கே இருநூறு தடவை போயிருக்கிறோம், இருபது பேர் இல்லை. பத்துக்கு ஒருவர். அங்கே நாற்பது தடவை போயிருக்கிறோம், ஒருவர் இல்லை. நாற்பதுக்கு ஒருவர். இங்கே குவியல் பெரிதாக இருப்பது இங்கே நிறையத் தடவை போனதால்தான்."

"ஆக, அங்கேயும் சாவு உண்டு," என்றது குரங்கு.

"உண்டு."

"அங்கே போனால் உன் கன்று சாகாது என்று சத்தியம் செய்வாயா?"

"மாட்டேன். சாவு அங்கே குறைவு என்றுதான் சொல்கிறேன்."

"அதெல்லாம் கிடக்கட்டும் தாயே. நூற்று எண்பது பெரிதா, முப்பத்தொன்பது பெரிதா? அதை மட்டும் சொல்லு."

இளம் ஆண்மான்கள் சிரித்தன.

கவைக்கொம்பனுக்கு எரிச்சல் வந்தது. "காணாமல் போனவர்கள் எல்லாரும் செத்ததை நீ பார்த்தாயா? வேறு காட்டுக்குப் போயிருப்பார்கள். மணல்துறைக்குத்தான் போவேன் என்றால் தாராளமாகப் போ. செந்நாய் துரத்தும்போது எங்களைக் கூப்பிடாதே."

சிறுகாதி கன்றைப் பார்த்தது. "அந்த முள்வழி வேண்டாம் அம்மா," என்றது கன்று. "எல்லாரும் போகிற வழியிலேயே போவோம்."

சிறுகாதி கூட்டத்தோடு போனது.

மருதந்துறையின் கறுத்த தண்ணீருக்கடியில் இரண்டு முதலைகள் கிடந்தன. அண்ணன், தம்பி. அன்றைக்கு வந்திறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் தம்பிக்கு வாய் ஊறியது.

"இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் அண்ணா. ஆளுக்கு ஐந்தாறு பிடிக்கலாமே?"

"அவசரப்படாதே. எல்லாரையும் பிடித்தால் மேட்டில் கல் விழாது. கல் விழாவிட்டால் நாளைக்கு யார் வருவார்கள்? பெரும்பாலோரை விட்டுவிடு. கொஞ்சமாகத் தின்றால் நெடுநாள் தின்னலாம்."

அப்படியே செய்தன. அன்று அவை பிடித்தவற்றில் சிறுகாதியின் கன்றும் ஒன்று. சத்தம்கூட இல்லை. சிறுகாதி தண்ணீரிலிருந்து வாயை எடுத்துத் திரும்பிப் பார்த்தபோது, பக்கத்தில் வட்டம் வட்டமாக அலை மட்டும் இருந்தது.

மற்ற மான்கள் கரையேறி, மேட்டில் வரிசையாகக் கல்லைப் போட்டன. சிறுகாதி கடைசியாக வந்தது. வாயில் கல் இல்லை.

"கல் எங்கே அம்மா?" என்றது குரங்கு. "நீ திரும்பி வந்துவிட்டாயே. உன் கல்லைப் போடாவிட்டால் என் கணக்கு பிசகும்."

"என் கன்றுக்கு என்ன போடுவீர்கள்?"

"வராதவருக்குக் கல் கிடையாது. வழக்கம் அதுதானே?"

சிறுகாதி மேட்டை விட்டு இறங்கி, தனியாக முள்காட்டுப் பக்கம் நடந்தது. அதன் பிறகு அது கூட்டத்தோடு சேரவே இல்லை. செந்நாய்களுக்குப் பயந்து பயந்து, மணல்துறையில்தான் குடித்தது.

மருதந்துறையில் தினமும் கற்கள் விழுந்தன. "இருநூற்றைத் தாண்டிவிட்டது," என்று குரங்கு மரத்திலிருந்து சொல்லும். "முந்நூறு ஆயிற்று." கேட்கிற மான்களுக்குத் தைரியம் வரும். "பார்த்தீர்களா, குவியல் வளர்ந்துகொண்டே போகிறது. நான் தேர்ந்தெடுத்த துறை சரியான துறை," என்று கவைக்கொம்பன் சொல்லும். குவியல் வளர்ந்தது உண்மைதான். மேய்ச்சல் வெளியில் புல் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சமாவதையும், படுக்கிற இடத்தில் நெரிசல் இல்லாமல் போவதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மழை வந்தது. குட்டைகள் நிரம்பின. இனி ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. குரங்கு மரத்திலிருந்து இறங்கி, நனைந்துகொண்டே குவியலை ஒருமுறை முழுதாக எண்ணி முடித்தது.

"நானூற்று முப்பத்தொன்று," என்று உரக்கச் சொன்னது. "இந்தக் காட்டில் இவ்வளவு பெரிய குவியல் இதுவரை இருந்ததில்லை."

அதைக் கேட்கப் பதினொரு மான்கள் இருந்தன. கவைக்கொம்பன் அவற்றில் இல்லை.

நீதி: பிழைத்து வந்தவர்களை மட்டும் எண்ணி ஒரு வழியை நல்ல வழி என்று சொல்லாதே; அந்த வழியில் போனவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் கேள்.