ராசாத்திக்குத் தண்ணி காட்டினார்கள்

கோணலூரில் வெல்ல மண்டி வைத்திருந்த பொன்னுரங்கத்துக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் பினாங்கிலிருந்து தொட்டியோடு கொண்டுவந்து கொடுத்த ஒரு செடிதான் இருந்தது. யானைக் காது மாதிரி இலை, அதன்மேல் வெல்வெட்டு மினுமினுப்பு, நடுவில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல நரம்பு. ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார். குணமும் அப்படியே. வெயில் பட்டால் கருகும். தண்ணீர் கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம்.

தங்கை மகள் கல்யாணத்துக்காக அவர் கொல்லத்துக்குப் போகவேண்டி வந்தது. வீட்டு வேலைக்காரர்கள் அம்பலம், தெய்வநாயகம், சிங்காரம் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அம்பலம், நல்லாக் கேட்டுக்கோ. வெயில் இதும்மேல படக்கூடாது. காத்துல எப்பவும் ஈரம் இருக்கணும். தலையைத் தொங்கப்போட்டா உடனே தண்ணி காட்டு. சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கோ. இது பட்டுப்போச்சுன்னா நீங்க மூணு பேரும் இந்த வாசப்படி ஏறக்கூடாது, ஆமாம்!"

வண்டி தெருமுனை திரும்பியதும் மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வாசப்படிதானே ஏறக்கூடாது? கொல்லைப்புறமா வந்துட்டாப் போச்சு" என்றான் தெய்வநாயகம்.

"கொல்லைப் பக்கம் படியே இல்லையேடா! அப்புறம் எதுல ஏறுறது?" என்றான் அம்பலம். அவனுக்கு இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை. முன்பு எண்ணெய்க் கடையில் "அளந்து ஊத்து" என்றார்கள். கச்சிதமாக அளந்தான், தரையில் ஊற்றினான். அன்றைக்கு வெளியே வந்தவனைச் சேர்த்துக்கொண்ட ஒரே மனுஷர் பொன்னுரங்கம்தான்.

முதலில் பிள்ளை விஷயத்தை எடுத்தார்கள். அம்பலத்துக்குப் பிள்ளை இல்லை. சிங்காரத்துக்கு இருந்தது.

"நீ உன் பிள்ளையை எப்படிப் பாத்துக்கிறே?"

"நான் எங்கே பாத்துக்கிறேன்? அது பாட்டுக்குத் தெருவுல கிடக்கும்."

ஐயா சொன்னால் சொன்னதுதான். தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். ஒரு ஆடு வந்து மோந்து பார்த்தது. பின்னாலேயே வெயிலும் வந்தது. ஆட்டைப் பற்றி ஐயா ஒன்றும் சொல்லாததால் அதைச் சும்மா விட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து செடியை உள்ளே கொண்டு ஓடினார்கள்.

உள்ளே வந்த ராசாத்தி நாளாக ஆகத் தலையைத் தொங்கப்போட்டாள். தொங்காமல் என்ன செய்வாள்? தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. காட்டத்தானே சொன்னார்!

அம்பலம் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினான்.

"பாத்திருக்குமா?" என்றான் சிங்காரம்.

"முகம் கொடுக்கவே இல்லையே. செடிக்குக் கண்ணு எந்தப் பக்கம்?"

அது யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆரத்தி சுற்றுகிற மாதிரி செம்பைச் சுற்றிக் காட்டினார்கள். தலை இன்னும் தொங்கியது.

"செம்பு சின்னதுப்பா. கண்ணுக்குத் தெரியலை போல" என்றான் தெய்வநாயகம்.

அண்டாவில் தண்ணீர் நிரப்பி மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினார்கள். காட்டி முடித்ததும், வீணாகக் கூடாதே என்று தண்ணீரைத் திரும்பவும் கிணற்றிலேயே கொட்டினார்கள்.

ஒரு இலை மஞ்சளாகப் பழுத்துவிட்டது. அம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் தொட்டியோரம் குந்தினான். "ராசாத்தி, எனக்காக ஒரே ஒரு வாய் பாரு தாயி" என்று கெஞ்சினான்.

அப்போதுதான் சிங்காரத்துக்குக் காற்று ஞாபகம் வந்தது. கையை நீட்டித் தடவிப் பார்த்தான். "அண்ணே, காத்து காஞ்சு கிடக்கு! அதான் கோவம்!"

காற்றை நனைக்கவேண்டியதுதான். வாளி வாளியாக இறைத்து மேலே வீசினார்கள். காற்றோ நிற்காமல் ஜன்னல் வழியாக ஓடியது. தண்ணீரைப் பூராவும் கீழே போட்டுவிட்டு ஓடியது.

"புடிங்கடா அதை! ஜன்னலைச் சாத்து!" என்று கத்தினான் அம்பலம்.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக் காற்றைச் சிறைபிடித்து, பொழுதன்றைக்கும் நனைத்தார்கள். மேலே வீசியதில் கொஞ்சம் தொட்டியிலும் விழுந்தது. அம்பலம் பதறிப்போய்த் துண்டால் இலைகளைத் துடைத்தான். "மன்னிச்சுக்கோ தாயி. இது உனக்கில்லே, காத்துக்கு."

சுவரில் பாசி ஏறியது. ஐயாவின் மெத்தையில் காளான் முளைத்தது. எங்கிருந்தோ தவளைகள் வந்து கட்டிலுக்கடியில் குடியேறின. ராசாத்தி மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அப்பாடா! இப்பத்தான் தண்ணி அவ கண்ணுல பட்டிருக்கு" என்றான் அம்பலம். அன்றைக்கு இரண்டு ஆள் சோற்றைத் தின்றான்.

பொன்னுரங்கம் ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தார். அனல்மூச்சு மாதிரி ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஒரு கால் வைத்தார். பாசி வழுக்கிவிட, உட்கார்ந்தபடியே ராசாத்தியிடம் போய்ச் சேர்ந்தார். திட்ட வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். முறத்தளவு புது இலை ஒன்று இளஞ்சிவப்பாக விரிந்திருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் கண்ணே! பெரிய மனுஷி ஆயிட்டியேம்மா!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் போடாமல் வெளியே நழுவினார்கள்.

"வயசுக்கு வந்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கலாமா?" என்றான் அம்பலம்.

"பக்கத்து வீட்டு முருங்கை இருக்கே, நல்ல பையன்" என்றான் தெய்வநாயகம். "காத்தடிச்சாக்கூட எதிர்த்துப் பேசமாட்டான், வளைஞ்சுதான் கொடுப்பான்."

வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கனகாம்பாளிடம் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள்.

"எங்கேடா போயிட்டு வர்றீங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"நம்ம ராசாத்திக்குப் பக்கத்து வீட்டு முருங்கையைக் கேட்டுட்டு வந்தோம்யா. அந்த அக்கா பிடி கொடுக்கலை."

பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அட மடப்பசங்களா! நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ நீங்க போய் நின்னா என் மானம் என்னடா ஆகிறது!"

ஈர வேட்டியை உதறிக் கட்டினார். மேல்துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு விடுவிடென்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அம்பலம் வாசப்படியைப் பார்த்தான். இனிமேல் இதில் ஏறவே முடியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

நெடுநேரம் கழித்துப் பொன்னுரங்கம் தொங்கிய முகத்தோடு வந்தார். ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அந்த அக்கா ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டான் அம்பலம்.

"பையனுக்குக் கிணத்தடியிலேயே முறைப்பொண்ணு இருக்காம்டா. ஏதோ வாழையாம்." அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல உயரமான மாப்பிள்ளை. கை நழுவிப் போச்சு."