பூவரசு பூத்த பாத்தி

குளக்கரையில் ஒரு முயல் தன் நான்கு குட்டிகளோடு குடும்பம் நடத்தி வந்தது. போன ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, அது போட்டிருந்த தண்டுக்கீரை முழுவதும் அழுகிவிட்டது. குட்டிகள் பட்டினியில் சுருண்டு கிடந்ததை முயலால் மறக்கவே முடியவில்லை.

"சுத்தியும் மரக்கட்டையால அடைச்சு, உள்ளே மண்ணைக் கொட்டி, மேட்டுப்பாத்தி கட்டணும் அண்ணே" என்று அது பக்கத்து மரத்துக் குரங்கிடம் சொன்னது. "காத்துல சாஞ்ச வேப்பமரம் காஞ்சு கிடக்குது. கொஞ்சம் இழுத்துத் தாங்க."

குரங்கின் முகம் சுருங்கியது. "விழுந்த மரத்துலயா? நாலு பேர் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நீ பேசாம இரு தங்கச்சி."

அது பூவரச மரத்தில் ஏறிப் பச்சைக் கிளைகளாக ஒடித்தது. நெருக்கி நெருக்கி மண்ணில் ஊன்றி அடைத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முயலும் மகிழ்ந்துபோய் உள்ளே மண்ணை நிரப்பிக் கீரை விதைத்தது.

தான் பாத்திக்குச் சுவர் என்று பூவரசுக்கு யார் சொன்னார்கள்? ஈரமண் கிடைத்ததும் அது வேர் விட்டது. துளிர்த்தது, தழைத்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூக்கவும் பூத்தது. உள்ளே வெயில் படாமல் கீரை வெளுத்து நூலாய் நீண்டது.

"அண்ணே, கிளையைக் கழிச்சு விடுங்க. கீரைக்கு வெயிலே இல்லை."

"கழிக்கிறதா! மயில் தினமும் வந்து பார்த்துட்டுப் போகுது. மான் எல்லாம் கூட்டமா நின்னு புகழுது. ஒடிச்ச கிளையே உயிர் பிடிக்குதுன்னா யாரோட கைராசி? இதுல ஒரு இலையை யாரும் தொடக் கூடாது."

முயல் தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போய், காய்ந்த வேப்பங்கிளைகளைக் கொறித்துத் துண்டாக்கி இழுத்து வந்தது. வெயில் படும் இடத்தில் அடுக்கி, மண் போட்டு, மறுபடி விதைத்தது. கோணல் மாணலான பாத்திதான். மயில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்குள் கீரை வளர்ந்துவிடுமா என்று முயல் தினமும் போய்ப் பார்த்தது.

மழை வந்தது. குளத்துத் தண்ணீர் வேப்பங்கட்டை வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. கீரை தப்பியது. குட்டிகள் வயிறார மென்றன.

காட்டில் பழமெல்லாம் உதிர்ந்து அழுகிப்போக, குரங்கு நனைந்துகொண்டே வந்தது. "தங்கச்சி, ஒரு கைப்பிடி கீரை கிடைக்குமா?"

முயல் ஒரு கட்டாகவே பறித்துக் கொடுத்தது. "தாராளமா எடுத்துக்குங்க அண்ணே. உங்க பாத்தியில நிழல் நல்லா இருக்கு. அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்க."

அடுத்தவர் மெச்சுவதற்காகச் செய்யும் வேலை, அதை நம்பியிருப்பவரின் வயிற்றை நிரப்பாது.