சீனித்தாய் சொன்ன ஏழு வரி

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு நாற்பத்திரண்டு. காலம் அப்படி. யாரைக் குறை சொல்ல?

சிஷ்யை வள்ளிமயில். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன இடத்தில் தனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தவர். சமூகப்பணியில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. அதற்கு முன் பதினாறு வருஷம் மகளிர் குழுத் தலைவி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வள்ளிமயில் தன் வாயால் பத்துக் குடும்பத்தைப் பிழைக்க வைத்தவர். இழவு வீட்டில் அவர் போய் உட்கார்ந்து பேசினால் அழுதவர்கள் எழுந்து காப்பி குடிப்பார்கள்.

குரு ஜெபசெல்வி. அந்த ஊரில் மனநலத்துக்கென்று நடந்த சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளர். பேசவே மாட்டார். கேட்டால் "ம்" என்பார்.

வள்ளிமயிலிடம் ஒரே ஒரு ஆளை ஒப்படைத்திருந்தார்கள். பெயர் சீனித்தாய், ஐம்பத்தொன்று. ஒற்றை மகன் பைக் விபத்தில் போய்விட்டான். தையில் சீனித்தாய் சாகத் துணிந்தார். அக்கம்பக்கத்தார் பார்த்துக் காப்பாற்றிவிட்டார்கள். மறுபடி அந்தப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஐந்து வாரமாகச் செவ்வாய்தோறும் வள்ளிமயில் பஸ் ஏறிப் போனார்.

போய்விட்டு வந்ததும் ரெக்கார்ட் எழுத வேண்டும். யார் என்ன சொன்னார், அதற்கு நாம் என்ன சொன்னோம், எல்லாம் சொன்னது சொன்னபடி. இந்தப் படிப்பில் மாணவர்கள் கண்ணீர் விடுவது பரீட்சைக்கு அல்ல, இந்த ரெக்கார்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை அதை மேற்பார்வையாளர் முன்னால் வைக்க வேண்டும்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி. வள்ளிமயில் சிரித்த முகமாக நோட்டை நீட்டினார்.

"மேடம், சீனியக்கா தேறிட்டாங்க. கேஸை முடிச்சிரலாமா?"

ஜெபசெல்வி நோட்டைப் புரட்டினார். மொத்தம் நாலு பக்கம். கடைசியில் கோடு போட்டு எழுதியிருந்தது: 'மனத்தெளிவு பெற்றுள்ளார். பொறுப்புகளைப் பிறரிடம் பகிர்ந்துள்ளார். வழக்கை முடிக்கப் பரிந்துரைக்கிறேன்.'

படிக்கப் படிக்க அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். பென்சிலை எடுத்தார். வள்ளிமயில் பேசிய இடங்களையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார்.

வள்ளிமயில் எட்டிப் பார்த்தார். "ஐயோ, அவ்வளவும் தப்பா மேடம்?"

"மீதி இருக்கிறதை வாசிங்கக்கா."

"மீதி எங்க இருக்கு? ஏழு வரிதான் இருக்கு."

"வாசிங்க. சத்தமா."

வள்ளிமயில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஜெபசெல்வி 'ம்' கொட்டினார்.

"வா தாயி, உக்காரு."

"ம்."

"இப்ப நல்லாருக்கேன். மனசு லேசாயிருச்சு."

"ம்."

"ஆட்டை நாத்தனாகிட்ட பிடிச்சுக் குடுத்துட்டேன்." வள்ளிமயில் நிமிர்ந்தார். "அதைக் கவனிச்சுக்கிறது சிரமம்னு குடுத்துட்டாங்க மேடம்."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

"இல்ல. நானா நெனச்சேன்."

"வாசிங்க."

"சேலையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சு. பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் தம்பி வீட்ல ஒப்படைச்சுட்டேன்."

குரல் இறங்கியது. ஐந்து வரி முடிந்திருந்தது. ஆறாவது வரியில் அவர் விரல் நின்றது.

"வாசிங்கக்கா."

"வெள்ளிக்கிழமை அவனுக்கு வருசம் திரும்புது. சோறு படைச்சிட்டா அப்புறம் எனக்கு ஒரு சோலியும் இல்ல."

ஏழாவது வரியை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. 'நீயும் இனிமே அலைய வேண்டாம். நல்லாரு தாயி' என்று இருந்தது.

"மேடம்," என்றார் வள்ளிமயில். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

ஜெபசெல்வி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். சீனித்தாயின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டார். அவன் பக்கத்து ஊரில் நாற்று நடவில் நின்றான். விஷயத்தைக் கேட்டதும், "இந்தா கிளம்புறேன், ஒரு மணி நேரம் ஆகும்ங்க" என்றான்.

"பக்கத்து வீட்டுக்குப் போட்டுப் பாருங்க," என்றார் வள்ளிமயில். ஜெபசெல்வி போட்டார்.

"அவங்களும் எடுக்கலை. ஊரே நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும்."

இரண்டு பேரும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். பதினெட்டு கிலோமீட்டர். ஜெபசெல்வி ஹெல்மெட்டை மறந்துவிட்டு வந்திருந்ததை வள்ளிமயில் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது.

"சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க மேடம்."

"ம்."

"டீ போட்டுக் குடுத்தாங்க. சீனி கூடுதலாப் போட்டு."

"ம்."

"எங்க அம்மா சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. ஆடி அசைந்து, கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. வள்ளிமயில் பெட்டிகளை எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. முத்துமாரிக்கு வேண்டிக்கொண்டார். மாரி பக்கத்தில் இல்லையோ என்று ஜெபசெல்வியின் மாதாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

கேட் திறந்தது.

தெருவில் ஆள் இல்லை. சீனித்தாய் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜெபசெல்வி கதவைத் தள்ளினார்.

மகனின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை இரண்டு. பக்கத்தில் சுவரில் சாய்ந்து சீனித்தாய் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல்.

உயிரோடு இருந்தார்.

"வா தாயி. செவ்வாய்க்கிழமைதானே வருவ?"

வள்ளிமயில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பழகிய வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"அக்கா, இந்தப் பக்கமா வந்தோம், அப்படியே ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

ஜெபசெல்வி அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கேளுங்கக்கா," என்றார், காதோடு.

எதைக் கேட்க வேண்டும் என்று வள்ளிமயிலுக்குத் தெரியும். போன பருவத் தேர்விலேயே அந்தக் கேள்வி வந்திருந்தது. 'தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை' என்று எழுதிப் பதினைந்துக்குப் பன்னிரண்டு வாங்கியிருந்தார். அந்தப் பன்னிரண்டு மதிப்பெண் இப்போது உதவிக்கு வரவில்லை.

"நீங்களே கேளுங்க மேடம்."

"உங்ககிட்டதான் அவங்க பேசியிருக்காங்க."

வள்ளிமயில் சீனித்தாயைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் இப்போதுதான் சும்மா பார்த்தார்.

"சீனியக்கா. நீங்க சாகணும்னு நெனச்சிருக்கீங்களா?"

சொல்லிவிட்டார். சீனித்தாய் பதில் சொல்லவில்லை. இலையைப் பார்த்தார். வள்ளிமயிலுக்குத் தவிப்புத் தாங்கவில்லை. ஏதாவது ஒரு நல்ல வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. பிடித்த கையை ஜெபசெல்வி விடவில்லை.

வெகுநேரம் போனது. எவ்வளவு என்று கேட்டால் வள்ளிமயில் இன்றைக்கும் ஒரு மணி நேரம் என்பார். மூன்று நிமிஷம் இருக்கும்.

"ஆமா தாயி," என்றார் சீனித்தாய்.

"இன்னைக்கா?"

"பொழுது சாயவும்னு இருந்தேன்."

வள்ளிமயில் அழுதார். சீனித்தாய் அழவில்லை. ஆச்சரியமாக அவரைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க. செவ்வாய்க்கிழமை."

"சொன்னேன்ல?" என்றார் சீனித்தாய். "சொன்னேன்தானே?" அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பெரிய அழுகை.

யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடித்ததும், பொழுது சாய்வதற்கென்று ஒளித்து வைத்திருந்ததை அவரே எடுத்து வந்து ஜெபசெல்வியின் கையில் கொடுத்தார். தம்பி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். அக்காவைத் திட்டப் போனவனை வள்ளிமயில் ஒரு பார்வையில் அடக்கினார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, பத்து நாளாவது வார்டில் இருக்கட்டும், ஒரு நிமிஷம்கூடத் தனியே விட வேண்டாம் என்றார். தம்பி மனைவி துணைக்கு இருக்க ஒத்துக்கொண்டார்.

மணி நாலரை. மருத்துவமனை வாசல் டீக்கடையில் இரண்டு பேரும் நின்றார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. வள்ளிமயில் பன்னைப் பிய்த்தார், வாயில் போடவில்லை.

"மேடம், நான் படிப்பை நிறுத்திக்கிறேன்."

ஜெபசெல்வி டீயை ஊதினார்.

"நெசமாத்தான் சொல்றேன். நீங்க அந்த நோட்டை இன்னைக்குப் பார்க்காம நாளைக்குப் பார்த்திருந்தா? நினைச்சாலே ஈரக்குலை நடுங்குது. என்னை நம்பி ஒரு உசுரைக் குடுத்தீங்க. நான் கேஸை முடிச்சிரலாமான்னு சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிறேன்."

"ம்."

"வாய் பெருசா இருந்து என்ன பிரயோஜனம்? எனக்குக் காது இல்ல மேடம். அவ்வளவையும் அந்த மனுஷி என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கு. ஒரு வரிகூட எனக்குக் காதுல விழல."

ஜெபசெல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து, பெஞ்சில் வைத்தார். பென்சிலால் அடித்த இடங்களை விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

"அவங்க உக்காருன்னதுக்கு நீங்க நாலு வரி பேசியிருக்கீங்க. ஆடு குடுத்ததுக்கு அஞ்சு வரி. சேலைக்கு ஆறு வரி."

"தெரியும் மேடம். பேசிக்கிட்டேதான் இருந்திருக்கேன்."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு?"

வள்ளிமயில் குனிந்து பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. மகளிர் குழுவில் சேருங்கள் என்று இருந்தது. ஆடு மாடு வளர்க்கக் கடன் தருகிறார்கள் என்று இருந்தது. தன் சித்தி ஒருத்தி எப்படிப் பிழைத்து வந்தாள் என்ற கதை முழுசாக இருந்தது. பழனிக்குப் போய் வாருங்கள், மனசு ஆறும் என்று இருந்தது.

"காதுல விழலைன்னா," என்றார் ஜெபசெல்வி, "அந்த வரிக்கு மட்டும் ஏன்க்கா ஒன்றரைப் பக்கம் பேசினீங்க?"

"விழுந்திருக்கு மேடம்," என்றார் வள்ளிமயில். "பயந்துபோய்த்தான் அவ்வளவு பேசியிருக்கேன்."