தராசில் ஏறிய போர்வை

கரூர்ச் சந்தையில் அங்கப்பன் என்றால் எல்லாருக்கும் பயம். போர்வை மொத்த வியாபாரி. அவர் சொன்னதுதான் விலை. போர்வை தைக்கும் மயிலாத்தா, மழைக்காலம் முழுக்க ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்து மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். பஞ்சும் அடித்துணியும் வாங்க வழியில்லை. போர்வைக்கான மேல்துணி மட்டும்தான் இருந்தது.

"முடிக்காத வேலையா? அப்ப இது கந்தல். தராசுல போடு, எடைக்கு எடுத்துக்கறேன்," என்றார் அங்கப்பன்.

"சரிங்கய்யா. முதல்ல உங்க போர்வை ஒண்ணைப் பிரிங்க. உள்பக்கத் தையல் என்னோடதைவிட நல்லா இருந்தா, இந்த மூட்டையை சும்மாவே எடுத்துக்குங்க."

கூட்டம் கூடிவிட்டது. மேல்பக்கத்தை மட்டும் பார்த்தே வாங்கிப் பழகிய மனுசன், தயங்காமல் தன் போர்வை ஒன்றின் அடித்துணியைக் கிழித்தார். உள்ளே பாதித் துணிகள் பசையில் ஒட்டியிருந்தன. தொட்டதும் உதிர்ந்தன.

மயிலாத்தா தன் மேல்துணியைத் திருப்பி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. எறும்புச் சாரை மாதிரி தையல் ஓடியது, பின்னால் சூரியன்.  சத்தியமாக, சந்தையே கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்தது, அங்கப்பனும்தான்.

"என்ன விலை தாயி சொல்றே?" அவர் குரலே மாறியிருந்தது.

"சொல்றேனுங்க. அதுக்கு முன்னாடி உங்க போர்வையைத் தராசுல போடுங்க."